நாற்பது கிராம் சாம்பல்

பிளாகோயே எங்கள் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது அவர் மனைவி இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

அதை அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகத்தில் எட்டு நாள் தாடி. கோட்டின் மடிப்பில் ஊசி குத்திய கறுப்புத் துணி. எங்கள் பக்கத்தில் மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவன் நாற்பதாம் நாள் வரைக்கும் கத்தியைக் கன்னத்தில் வைக்க மாட்டான்.

கையில் இரண்டு துணிப்பைகள். ஒன்றின் வாய் சிவப்பு நூலாலும் இன்னொன்றின் வாய் வெள்ளை நூலாலும் கட்டப்பட்டிருந்தன. அவற்றை என் மேஜைமேல் வைத்தார். உள்ளே காய்ந்த பீன்ஸ் கலகலத்தது.

உலைக்காரர் ஸ்பாசா தலையை நீட்டினார். எங்கள் ஆய்வகத்தில் தானியத்தையும் புல்லையும் எரித்துச் சாம்பலாக்குவது அவர் வேலை. வாய் சும்மா இருக்காது.

"அட, பீன்ஸா! புகை போட்ட பன்னிக்கால் எங்க? அது இல்லாம பீன்ஸ் மட்டும் கொண்டு வந்தா நாங்க எப்படி…"

கறுப்புத் துணியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இங்கதான கதிர்வீச்சு பாக்கறாங்க?" என்றார் பிளாகோயே.

"ஆமா மாமா. பால், கோதுமை, கிணத்துத் தண்ணி, எல்லாம் பாக்கறோம். ஆனா தனி ஆளுங்க கொண்டு வந்தா மனு ஒண்ணு…"

"மனு எழுதித் தரேன். நீ எவ்வளவு நீளம் கேட்டாலும் எழுதித் தரேன் மகனே."

பெண்ணையும் மகனே என்றுதான் எங்கள் பெரியவர்கள் கூப்பிடுவார்கள். பாசம் கூடினால் அப்படி. யாரும் மகனே என்று கூப்பிட்டு எனக்கு நாளாகியிருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் உட்காரவில்லை. சிவப்பு நூல் பையைத் தொட்டார்.

"இது வயல்ல விளைஞ்சது. பதினஞ்சு வருஷமா பாஸ்பேட் உரம் போட்ட வயல். போடச் சொன்ன அளவுக்கு ரெண்டு மடங்கு போட்டேன். லாரியில கொண்டாந்து மலிவா வித்தான், நானும் மலை மாதிரி வாங்கி அடுக்கினேன்." கை வெள்ளை நூலுக்கு நகர்ந்தது. "இது என் பொண்டாட்டி தேசாங்காவோட பாத்தியில விளைஞ்சது. வீட்டுக்குப் பின்னாடி. வெறும் மாட்டுச்சாணம்தான். 'உன் உரம் ஒரு மணி என் பாத்தியில விழுந்துச்சு, நீ போய்த் தொழுவத்துல படுத்துக்கோ'ன்னு சொல்லுவா. விதை ரெண்டுக்கும் ஒண்ணுதான். அவ பொறந்த வீட்டுலேந்து மடியில கட்டிக்கிட்டு வந்த விதை."

"சரி மாமா. என்ன தெரிஞ்சிக்கணும் உங்களுக்கு?"

"அவளை நான் கொன்னேனா இல்லையான்னு தெரியணும்."

உலை அறையில் ஸ்பாசா இடுக்கியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

பிளாகோயே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தேசாங்காவுக்கு எலும்பு மஜ்ஜையில் நோய். பதினான்கு மாதம் படுக்கை. வியன்னாவில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த ஒரே மகள் யாகோதா அடக்கத்துக்கு வந்தாள். பாஸ்பேட் பாறையில் யுரேனியம் இருக்கிறது, அதை அரைத்துத்தான் உரம் செய்கிறார்கள், அது மண்ணில் சேர்ந்து பயிருக்குள் ஏறுகிறது என்று எங்கேயோ படித்திருந்தாள். குழிக்குள் முதல் பிடி மண் விழுந்ததும், பாதிரியாருக்கு முன்னால், ஊருக்கு முன்னால் கத்தினாள்: 'அம்மா வேண்டாம் வேண்டாம்னு சொன்னா. கொட்டிக் கொட்டி நீதான் கொன்னே!'

"நாப்பதாம் நாள் சனிக்கிழமை வருது," என்றார். "அப்ப நோன்புக் காலம். மாமிசம் கிடையாது, பீன்ஸ்தான் சட்டியில போட்டு அடுப்புல வைக்கணும். வீட்டுல இருக்கறது இந்தப் பீன்ஸ். அதை வச்சா யாகோதா பந்தியில உக்கார மாட்டாளாம். ஊருக்கே வர மாட்டாளாம்."

என் வேலையில் இப்படிப் பயந்து வருகிறவர்களுக்குச் சொல்வதற்கென்று ஒரு பாடம் வைத்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"மாமா, கதிர்வீச்சு இல்லாத சாப்பாடே கிடையாது. பொட்டாசியம்னு ஒரு சத்து இருக்கு. அதுல ஒரு துளி பொறக்கும்போதே கதிர்வீச்சோட பொறந்தது. பூமி உண்டானப்பவே இருக்கறது. உருளைக்கிழங்குல இருக்கு, கீரையில இருக்கு. உலகத்துல எந்த மூலையில காய்ஞ்ச பீன்ஸை எடுத்தாலும் கதிர்வீச்சு அளக்கற கணக்குல கிலோவுக்கு நானூறு பெக்கரல் இருக்கும். உங்க உடம்புலயே நாலாயிரம் இருக்கு."

"நானூறு," என்றார். சட்டைப்பையிலிருந்து பென்சில் எடுத்தார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். "நானூறுன்னா சாதாரணம்."

"ஆமா."

அந்த நானூறை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"உரத்துலேந்து வர்றது வேற," என்று தொடர்ந்தேன். "யுரேனியம், ரேடியம். ரேடியம் பயிருக்குள்ள ஏறியிருக்கான்னு பாக்கறதுக்குத்தான் நாளாகும். பீன்ஸை அரைச்சு, டப்பாவுல அடைச்சு, காத்துப் புகாம மூடி வச்சிடுவோம். ரேடியத்துலேந்து ஒரு வாயு வரும். அது டப்பாவுக்குள்ள நிறைஞ்சு ஒரு நிலைக்கு வர நாலு வாரம். அதுக்கு முன்னாடி திறந்தா கணக்கு பொய்யாயிடும்."

அவர் விரல் விட்டு எண்ணினார். நானும் மனதுக்குள் எண்ணினேன். இன்று எட்டாம் நாள். காய வைத்து, அரைத்து, பத்தாம் நாள் மூடினால் முப்பத்தெட்டாம் நாள் தயார். இயந்திரத்தில் ஒரு நாள். முப்பத்தொன்பதாம் நாள் முடிவு. நாற்பதாம் நாள் பந்தி.

"நேரா இருக்கு," என்றார் பிளாகோயே. முதல் தடவையாக உட்கார்ந்தார்.

*

ஒவ்வொரு பையிலும் இரண்டு கிலோ இருந்தது. ஒரு கிலோவை ஸ்பாசாவின் உலைக்குக் கொடுத்தேன். மறு கிலோவை ஆலையில் போட்டு அரைத்தேன். அரைக்க வேண்டும் என்பது விதி. முழுப் பருப்பாக வைத்தால் இடையில் காற்று நிற்கும். கதிர்வீச்சு அளக்கும் இயந்திரத்தில் பொருந்தி உட்கார அடியில் குழி வைத்த பிளாஸ்டிக் டப்பா இரண்டில் மாவை அழுத்தி நிரப்பினேன். விளிம்பில் பசை தடவி, மேலே மூன்று சுற்று நாடா ஒட்டினேன். ஒரு டப்பாமேல் 'வயல்' என்று எழுதினேன். இன்னொன்றின்மேல் 'தோட்டம்' என்று எழுதியிருக்க வேண்டும். கை 'தேசாங்கா' என்று எழுதிவிட்டது.

உலைக்குப் போனது வேறு வழி. ஒரு கிலோ பீன்ஸை மெல்ல எரித்தால் தண்ணீர் போகும், மாவுச்சத்து புகையாகும். பொட்டாசியம் போகாது. ஒரு கிலோவில் இருந்த கதிர்வீச்சு அத்தனையும் ஒரு பிடிச் சாம்பலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இயந்திரத்துக்கு அது வசதி. தாளில் முதல் கட்டத்தில் சாம்பலின் எண்ணை எழுதுவோம். சாம்பல் எடை வந்த பிறகு பெருக்கி வகுத்து, பக்கத்துக் கட்டத்தில் பீன்ஸின் எண்ணை எழுதுவோம். வெளியே போவது இரண்டாவது எண்தான். அதுவும் எங்கள் தலைவி டாக்டர் கொர்தானா கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய பிறகு.

ஒன்பது வருடமாக இந்த விதியை நான் மீறியதில்லை.

பதினேழாம் நாள், வியாழக்கிழமை. டாக்டர் கொர்தானா பெல்கிரேடில் கூட்டத்துக்குப் போயிருந்தார். காலை பத்தரைக்குத் தொலைபேசி அடித்தது.

"மகனே, நான் பிளாகோயே."

"சொல்லுங்க மாமா. இன்னும் நாள் இருக்கே."

"தெரியும். அந்த டப்பா கணக்கு வேண்டாம். நீ சொன்னியே, பொட்டாசியம். அதுக்குக் காத்திருக்க வேண்டாம்னு அன்னிக்கு சொன்ன. அது வந்துடுச்சா?"

வந்திருந்தது. வயல் சாம்பலின் தாள் என் தட்டில், மேலேயே இருந்தது.

"டாக்டர் கையெழுத்துப் போடாம சொல்லக் கூடாது மாமா."

"டாக்டருக்கா பொண்டாட்டி செத்தா?" குரல் உடைந்தது. "ஒரே ஒரு எண். ராத்திரி கண்ணை மூடினா யாகோதா கத்தறது கேக்குது. நல்லதோ கெட்டதோ, சொல்லிடு."

நல்லது என்று எனக்குத் தெரியும். தாளை ஏற்கெனவே பார்த்திருந்தேன். வருடத்துக்கு முந்நூறு சாம்பல் தாள் பார்க்கிற கண். சாதாரணப் பீன்ஸ் சாம்பலுக்கு என்ன எண் வருமோ அதுதான் வந்திருந்தது. ஒரு மனுஷன் இன்று தூங்கட்டும் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"பத்தாயிரத்து எண்ணூறு, மாமா."

அந்தப் பக்கம் பென்சில் உரசும் சத்தம் கேட்டது.

"பத்தாயிரத்து எண்ணூறு," என்றார். "கிலோவுக்கு?"

"ஆமா, கிலோவுக்கு. இன்னும் கொஞ்சம் கணக்கு பாக்கி இருக்கு, ஆனா பயப்…"

வாசலில் பால் வண்டிக்காரன் மணியை விடாமல் அடித்தான். பன்னிரண்டு பண்ணைகளின் பால், வெயிலில் நிற்கக் கூடாது. "ஒரு நிமிஷம் மாமா," என்றேன். திரும்பி வந்து காதில் வைத்தபோது இணைப்பு போயிருந்தது. நல்ல செய்தி கேட்டு வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பால் புட்டிகளுக்கு எண் ஒட்டினேன்.

இருபது நிமிடம் கழித்து ஸ்பாசா வந்தார். கையில் பேனா.

"நேவெனா, வயல் பீன்ஸ் சாம்பல் எடை எழுதாம விட்டுட்டேன். நாப்பது கிராம்னு போட்டுக்கோ. ஒரு கிலோ போட்டேன், நாப்பது கிராம் தேறிச்சு. நாம போனாலும் பெரிசா ஒண்ணும் தேறப் போறதில்ல."

நான் பேனாவை வாங்கவில்லை.

பத்தாயிரத்து எண்ணூறு, ஒரு கிலோ *சாம்பலுக்கு*. அவர் உள்ளங்கையில் நானூறு என்று எழுதியிருந்தார்.

"ஏன் உன் மூஞ்சி இப்படிப் போச்சு?" என்றார் ஸ்பாசா.

தொலைபேசியை எடுத்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மதியம் வரை பதினோரு தடவை. நான்கு மணிக்கு மறுபடி. அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

நான் எதுவும் சொல்லாமலே ஸ்பாசாவுக்குப் புரிந்துவிட்டது. மாலை கிளம்பும்போது தன் கார்ச் சாவியை என் மேஜையில் வைத்தார்.

"விடிஞ்சதும் கிளம்பு. ரெண்டாவது கியர் விழாது, மூணுலயே ஓட்டு."

*

வெர்போவோ ஊருக்கு வந்து சேர்ந்தபோது பனிமூட்டம் இன்னும் தரையை விட்டு எழவில்லை. பேருந்து நிறுத்தத்துக் கம்பத்தில் தேசாங்காவின் இரங்கல் தாள் ஒட்டியிருந்தது. மழையில் ஊறிய படம். குறும்பான கண்கள். தொழுவத்தில் படுத்துக்கொள் என்று சொல்லக்கூடிய முகம்தான்.

வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாசனையே கூட்டிக்கொண்டு போனது. டீசலும், எங்கள் உலை அறையில் தினமும் அடிக்கிற அதே வாசனையும். பருப்பு கருகும் வாசனை.

வயலின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம். இன்னும் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிமேல் பிளாகோயே உட்கார்ந்திருந்தார். தாடியில் சாம்பல் தூள்.

"வந்துட்டியா மகனே? எட்ட நில்லு. காத்து உன் பக்கம் அடிக்குது."

"எவ்வளவு எரிச்சீங்க?"

"பதினோரு மூட்டை. எல்லாம். வயலோடது, அவ பாத்தியோடது, விதைக்குன்னு ஜாடியில வச்சிருந்தது. ஜாடி நாலு. மூடியில அவ கையெழுத்து. அதையும் போட்டேன்."

"அவங்க பாத்தியோடது ஏன் மாமா? அதுல உரமே போடலையே!"

"காத்து அடிக்காதா? மழை அடிச்சுக்கிட்டுப் போகாதா? என் கையாலதான அவ வாளியைத் தூக்கிக் குடுத்தேன்?"

நான் முழங்காலில் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன்.  கையை நீட்டி, ஆறிப்போன ஓரத்திலிருந்து ஒரு பிடி சாம்பல் எடுத்தேன்.

"மாமா, இதைப் பாருங்க. பதினோரு மூட்டை எரிச்சீங்க. இப்ப என்ன மிச்சம்? அரை மூட்டை தேறுமா? தேறாது. ஆனா பதினோரு மூட்டையில இருந்த பொட்டாசியம் பூரா இந்த அரை மூட்டைக்குள்ளதான் இருக்கு. நாங்களும் இதையேதான் பண்ணோம். எரிச்சோம். நான் நேத்து உங்களுக்குச் சொன்னது சாம்பலோட எண். பீன்ஸோடது இல்ல. பீன்ஸோடது நானூத்தி முப்பத்திரண்டு. சாதாரணம். என் தப்பு. என் வாய் பண்ணின தப்பு."

அவர் என் கையையே பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பினார். கரிக்கு அடியில் பென்சில் தடம் இருக்கிறதா என்று தேடுவதுபோல.

"நேத்து பத்தாயிரம்," என்றார். "இன்னிக்கு நானூறு. நாளைக்கு வந்தா ஒண்ணுமே இல்லேன்னு சொல்லுவியா?"

"நிஜமா மாமா. தாளைக் கொண்டு வந்திருக்கேன், பாருங்க…"

"நேத்து நீ யோசிக்காம சொன்ன. வாயில வந்ததைச் சொன்ன. இன்னிக்கு அறுபது கிலோமீட்டர் கார் ஓட்டிக்கிட்டு வந்து, மண்டி போட்டுக்கிட்டுச் சொல்ற." குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "எது நிஜமா இருக்கும், நீயே சொல்லு. நீ நல்ல பொண்ணு. கிழவன் என்னமாவது பண்ணிக்கப் போறான்னு பயந்துட்ட. பயப்படாத, நான் அப்படி ஆள் இல்ல."

"யாகோதா கிட்ட…"

"நேத்தே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன். நீ சொன்னது சரிதான், நான்தான் கொன்னேன்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. வச்சிட்டா." குச்சியால் சாம்பலைக் கிளறினார். "அந்த டப்பா ரெண்டும் இருக்குல்ல? மூடினது?"

"இருக்கு. முப்பத்தெட்டாம் நாள் எண்ணிப் பாப்போம். டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் போட்டு நானே கொண்டு வரேன். அதையாவது நம்புவீங்களா?"

"கொண்டு வா," என்றார். நம்புவேன் என்று சொல்லவில்லை.

*

அடுத்த மூன்று வாரத்தை எப்படிக் கடத்தினேன் என்று தெரியவில்லை. டாக்டர் கொர்தானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "டப்பாவுல யாரும் கை வைக்காம பாத்துக்கோ," என்று மட்டும் சொன்னார்.

தினமும் காலையில் அலமாரியைத் திறந்து பார்ப்பேன். நாடா பிரியவில்லையே, பசை விடவில்லையே. ஒரு நாள் ஸ்பாசா எட்டிப் பார்த்துவிட்டு, "கோழி அடைகாக்கற மாதிரி காக்கற," என்றார். அன்றுதான் எனக்கு உறைத்தது. பிளாகோயேயின் வீட்டில் ஒரு மணி விதைகூட இல்லை. தேசாங்கா மடியில் கட்டிக்கொண்டு வந்த விதையில் உலகத்தில் மிச்சம் இருப்பது இந்த இரண்டு டப்பா. இரண்டையும் நான் அரைத்துவிட்டேன். மாவு முளைக்காது.

இன்னொரு பயமும் இருந்தது. பொட்டாசியம் சாதாரணம், சரி. ரேடியம்? பதினைந்து வருடம், இரண்டு மடங்கு உரம், பேர் தெரியாத லாரிச் சரக்கு. ஒருவேளை நிஜமாகவே ஏறியிருந்தால்? அப்போது எந்த முகத்தோடு வெர்போவோவுக்குப் போவேன்?

முப்பத்தெட்டாம் நாள் இரண்டு டப்பாவையும் இயந்திரத்தின் ஈயக் கதவுக்குள் வைத்து மூடினேன். மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரைக்கு முன்னால் மூன்று பேரும் நின்றோம். நான், டாக்டர், வேலையே இல்லாமல் வந்து நின்ற ஸ்பாசா.

வயல்: ரேடியம் பூஜ்யம் புள்ளி ஒன்பது. தேசாங்கா: பூஜ்யம் புள்ளி எட்டு. இரண்டுக்கும் நடுவில் இயந்திரத்தின் தடுமாற்றம்தான். எங்கள் நாட்டில் எந்தப் பீன்ஸிலும் வருகிற அளவு. மண்ணில் கொட்டிய உரம் மண்ணோடு நின்றுவிட்டது. செடி அதை மேலே எடுத்துக்கொள்ளவில்லை. பொட்டாசியம் சாணம் போட்ட பாத்தியில்தான் ஐந்தாறு கூடுதல்.

"ஆள் தப்பிச்சான்," என்றார் ஸ்பாசா. சிலுவை போட்டுக்கொண்டார்.

டாக்டர் கொர்தானா முத்திரையை இரண்டு தடவை குத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நேவெனா, இந்த மிஷின் பீன்ஸைப் பத்தித்தான் சொல்லும். அந்தம்மா ஏன் போனாங்கன்னு இதுக்குத் தெரியாது. அதையும் கேப்பார். தயாரா போ."

*

சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் இருபது பேர்தான். பாதிரியார் வேகவைத்த கோதுமைமேல் சிவப்பு மதுவை ஊற்றினார். தேன்மெழுகுத் திரிகள் காற்றில் படபடத்தன. பிளாகோயேயின் தாடி இப்போது கழுத்தை மூடியிருந்தது. அவருக்கு இரண்டடி தள்ளி, கறுப்புத் துணி தலையில் கட்டிய ஒரு பெண். அதே குறும்பான கண்கள், அழுது வீங்கியிருந்தன.

"ஆய்வகத்துலேந்தா?" என்று அவளே என்னிடம் வந்தாள். "நான் யாகோதா. அப்பா ஃபோன்ல சொன்ன அந்த எண்ணைச் சொன்னது நீங்கதானே?"

"நான்தான். தப்பாச் சொன்னேன். இதுதான் சரி." தாளை நீட்டினேன். சாம்பல் கதையை முழுசும் சொன்னேன். அவள் நின்றபடியே படித்தாள். முத்திரையை விரலால் தடவினாள்.

"அடக்கத்தன்னிக்கு ஆத்திரத்துல கத்திட்டேன்," என்றாள் மெதுவாக. "பஸ் ஏறினதுமே தெரிஞ்சிடுச்சு, கத்தியிருக்கக் கூடாதுன்னு. மன்னிப்பு கேக்கணும்னு ஃபோனை எடுக்கறதும் வைக்கறதுமா இருந்தேன். அதுக்குள்ள அவரே பண்ணிட்டாரு. 'நீ சொன்னதுதான் சரி'ன்னாரு. என்ன பேசறதுன்னே தெரியல, வச்சிட்டேன். அந்த நிமிஷம் பேசியிருக்கணும் நான்."

தாளோடு அப்பாவிடம் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"அப்பா. இதைப் படி. நான் சொன்னது தப்பு. உரத்தாலே ஒண்ணும் ஆகல. நீ ஒண்ணும் பண்ணல."

பிளாகோயே தாளை வாங்கினார். நான்காக மடித்தார். பையில் வைத்துக்கொண்டார். படிக்கவில்லை.

"படிச்சுப் பாருப்பா!"

"நம்ம ரெண்டு பேரையும் சேத்து வைக்கத்தான் இந்தப் பொண்ணு எழுதிக் கொண்டாந்திருக்கு. நல்ல மனசு. நீ வந்துட்ட, அது போதும்."

"டாக்டர் கையெழுத்து போட்டிருக்காங்க மாமா," என்றேன். "முத்திரை பாருங்க. பொய்க்கு முத்திரை குத்துவாங்களா?"

அவர் சிலுவையில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தபடி பேசினார். "மகனே, மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் அவ வேண்டாம்னு சொன்னா. பதினஞ்சு வருஷம். நான் கேக்கல. இப்ப அதால ஒண்ணும் இல்லேங்கற. சரி. அப்ப எதால? சொல்லு. பதினாலு மாசம் கத்தினாளே, சும்மாவா? காரணமே இல்லாமலா?"

தயாராகத்தான் போயிருந்தேன். "பீன்ஸால இல்லேன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும் மாமா," என்றேன்.

நான் கொண்டுவந்திருந்த கூடையிலிருந்து இரண்டு டப்பாவையும் எடுத்தேன். 'தேசாங்கா' என்று எழுதியதை அவரிடம் நீட்டினேன். நாடாவை அவரே பிரித்தார். மாவை முகர்ந்து பார்த்தார். ரக்கியாச் சாராயத்தைக் குடிப்பதற்கு முன்னால் மண்ணுக்கு முதல் துளி ஊற்றுவோமே, அதுபோல் ஒரு சிட்டிகை எடுத்து மண்மேட்டின்மேல் தூவினார். பிறகு இன்னொரு சிட்டிகை. பிறகு டப்பாவையே கவிழ்த்தார்.

பந்தியில் கடையில் வாங்கிய பீன்ஸ்தான். வெங்காயமும் மிளகாயும் போட்டு மண்சட்டியில் வைத்திருந்தார்கள். யாகோதா அதைத் தொடவில்லை. என் கையிலிருந்து 'வயல்' டப்பாவை வாங்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். அரை மணி நேரத்தில் ஒரு கிண்ணம் கெட்டியான கஞ்சியோடு வந்தாள். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டாள். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. கண்ணீர் கிண்ணத்துக்குள் விழுந்தது. வழித்துச் சாப்பிட்டாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றாள். "அம்மா இருந்தா திட்டியிருப்பா."

இன்னொரு கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். பிளாகோயே கரண்டியை எடுத்தார். கிண்ணத்துக்குப் பக்கத்தில் நேராக வைத்தார்.

"நீ சாப்பிட்டது போதும்மா. எனக்குப் பசிக்கல."

பந்தி முடிந்தது. பக்கத்து வீட்டார் ஒவ்வொருவராகக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். வழக்கப்படி யாகோதா ஜன்னலோரம் நாற்காலி போட்டாள். தோளுக்கு வெள்ளைத் துண்டு, சவரக் கத்தி, சோப்பு, பித்தளைக் கிண்ணத்தில் வெந்நீர். நாற்பது நாள் முடிந்தால் துக்கம் காக்கிற ஆண் முகம் மழித்துக்கொண்டு வேலைக்குத் திரும்ப வேண்டும்.

"வாப்பா. நானே எடுத்து விடறேன்."

அவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடித்த தாள் பைக்குள்ளேயே இருந்தது.

"இன்னும் முடியல எனக்கு," என்றார்.

"நாப்பது ஆயிடுச்சுப்பா. இன்னிக்கோட ஆயிடுச்சு."

அவர் எழுந்திருக்கவில்லை. தண்ணீரில் ஆவி அடங்கியது. யாகோதா கிண்ணத்தை எடுத்துப்போய் மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள். அதுவும் ஆறியது. நான் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஸ்பாசாவின் காரை உயிர்ப்பிக்க மூன்று முறை சாவியைத் திருக வேண்டியிருந்தது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது அவள் மூன்றாவது தடவையாக அந்தக் கிண்ணத்தை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.